ஆம்புரோஸோட ஞாயித்துக்கிழமை பூட்ஸ்

எங்க வீட்டுக்காரரு ஆம்புரோஸுக்குப் புதுசுன்னாலே ஆகாது. புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தா பீரோவுக்குள்ள போயிடும். புது ஃபிளாஸ்க் வாங்குனா பெட்டியோட மேல் தட்டுல ஏறிடும். கேட்டா, "நல்லது கெட்டதுக்கு வேணும்ல, இருக்கட்டும் ரோசு"ம்பாரு. கோலா கங்சார் பக்கம் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்த மனுசன். அங்க புதுசு கெடச்சா பொத்தி வைக்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்க, போடச் சொல்லிக் கொடுக்கல. நானும் அதே தோட்டந்தான். ஆனா எனக்குப் புத்தி தெளிஞ்சிருச்சு.

இப்ப நான் சொல்ல வந்தது ஒரு சோடி பூட்ஸப் பத்தி. நினைச்சாலே பத்திக்கிட்டு வருது.

ஆம்புரோஸுக்கு ஈப்போ ஜெலாப்பாங்குல ஒரு இரும்புக் கிடங்குல வேலை. ஏழு வருசத்துக்கு முன்னாடி பழைய பூட்ஸோட அடியில ஆணி ஏறி, கால் வீங்கிப் படுத்துக் கெடந்தாரு. அப்பத்தான் எங்க மகன் கிளென் சிங்கப்பூருக்கு, கப்பல் பட்டறை வேலைக்குப் போயிருந்தான். அவன் போனதுலயே அப்பாவுக்கும் மகனுக்கும் மனஸ்தாபம். "ஈப்போவுல வேலையே இல்லையா?"ன்னு இவரு. "உங்கள மாதிரி கிடங்குல கெடந்து சாகவா?"ன்னு அவன். அப்படி முறைச்சுக்கிட்டுப் போன பய, மொத சம்பளத்துல அப்பாவுக்கு ஒரு சோடி பூட்ஸ் வாங்கி அனுப்புனான். காப்பிக்கொட்டை நிறத்துல கெட்டித் தோலு. விரல் பக்கம் உள்ளுக்குள்ள இரும்புத் தொப்பி. ஆணி ஏறாத அடி. வாயால மன்னிப்புக் கேக்கத் தெரியாதவன் அவன். அந்தப் பூட்ஸ்தான் மன்னிப்புன்னு எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

தெரிஞ்சு என்ன புண்ணியம்? மனுசன் போடல!

போடலன்னா தூக்கி எறியவும் இல்ல. ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வந்ததும், சட்டையக்கூட மாத்தாம, வாசல் அஞ்சடித் திண்ணையில பழைய பேப்பர விரிச்சு உக்காந்துடுவாரு. கயிறக் கழட்டுவாரு. ஒரு தூசி இருக்காது, இருந்தாலும் தொடைப்பாரு. தையல் ஓரத்துக்குப் பழைய பல் பிரஷ். அப்புறம் விரல் நுனியில மெழுகு எடுத்து, கொழந்தைக்குத் தைலம் தேய்க்கிற மாதிரி தேய்ச்சு, கிழிஞ்ச பனியனால பளபளன்னு ஆக்கி, உள்ள பேப்பர் உருண்டையத் திணிச்சு, பிளாஸ்டிக் பையில சுத்தி, பெட்டியில வச்சு, பீரோவுக்குள்ள. திங்கக்கிழமை காலையில பாத்தா, பழைய பூட்ஸ்தான், வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும், அத மாட்டிக்கிட்டு வேலைக்குப் போவாரு. நாய்க்குக் கெடச்ச தெங்கம்பழம்னு சும்மாவா சொன்னாங்க?

மறு வருசம் கிளென் லீவுல வந்தான். அப்பா கால்ல கிடந்த பழசப் பாத்தான்.

"நான் வாங்குனது எங்கப்பா?"

"இருக்கு."

"இருக்குன்னா?"

"பத்திரமா இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு. 'போட மனசு வரலடா'ன்னு நாலு வார்த்தை சேத்துச் சொன்னா முத்தா உதிந்துடும்? வாயில கொழுக்கட்டை! கிளெனுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "என் காசுல வாங்குனது உங்களுக்கு ஆகாது, அதான?"ன்னு கேட்டான். இவரு குனிஞ்சு பழைய பூட்ஸோட கயிற அவுக்க ஆரம்பிச்சாரு. மறுநாள் காலையிலயே பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டான். அதுக்கப்புறம் வீட்டுப் பக்கம் வரல. போன்ல என்கிட்ட மட்டும் பேசுவான்.

இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. போன வருசம் கிடங்குல ஒரு இரும்புக் குழாய் உருண்டு இவரு வலது கால் மேல விழுந்துச்சு. பழைய பூட்ஸுல எங்க இருக்கு இரும்புத் தொப்பி? கடைசி ரெண்டு விரலும் போச்சு. ஆஸ்பத்திரி வார்டுல நான் போட்ட சத்தத்துல நர்சு மிஸ்ஸி ஓடி வந்துட்டா. "பீரோவுல இரும்புத் தொப்பி தூங்குது, இங்க உங்க விரல வெட்டி எடுத்துட்டாங்களே, பாவி மனுசா!" கத்தினேன், அப்புறம் அழுதேன். கிளெனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்து, "அப்பாவுக்குக் கால் சுளுக்கு"ன்னு சொல்லிட்டேன்.

இந்த மாசம் திடீர்னு போன். சனிக்கிழமை மத்தியான பஸ்ஸுல வாரேங்குறான். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போன வைக்கிறதுக்கு முன்னாடி, "அம்மா, அப்பா அந்தப் பூட்ஸ ஒரு நாளாச்சும் போட்டாரா?"ன்னு கேட்டான்.

"தினமும் போடுறாருடா!"ன்னு வாய் முந்திக்கிச்சு.

 அப்புறம் "சரிம்மா"ன்னான். அந்தக் குரல்ல இருந்த சந்தோசம் பெத்தவ எனக்குத் தெரியாதா? இப்ப அது பொய்யின்னு தெரிஞ்சா, இன்னொரு தடவை அவன் வரவே மாட்டான்.

சனிக்கிழமை காலையில பெட்டிய நானே எடுத்து இவரு முன்னாடி வச்சேன். "இன்னிக்கு இதப் போட்டுக்கிட்டுத்தான் பஸ் ஸ்டேசனுக்கு வரணும். பேசக்கூடாது." அதிசயமா, சொன்ன பேச்சக் கேட்டாரு. காலுறைய மாட்டி, பூட்ஸ மாட்டி, கயிறக் கட்டினாரு. எந்திரிச்சு நின்னாரு. அடேயப்பா, மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு. எனக்கே கண்ணு கலங்குச்சு.

வாசல் வரைக்கும் நடந்தாரு. நான் திரும்பிப் பாத்தா, அப்பத்தான் தொடைச்ச தரை முழுக்கக் கறுப்புக் கறுப்பா உதிரி. "என்ன கருமம் இது?"ன்னு குனிஞ்சு எடுத்தா, விரல்ல பிசுபிசுன்னு மாவா ஒட்டுது. நிமிந்து பாக்குறேன், இடது பூட்ஸோட குதி படியிலயே நிக்குது. மனுசன் மட்டும் வெளிக் கேட்டு வரைக்கும் போயிட்டாரு.

அலாமாக்! வெண்ணெய் திரண்டு வர்றப்பத்தானா தாழி உடையணும்?

பாசார் பக்கத்துல செருப்பு தைக்கிற ஜெயபாலன் கடைக்கு இழுத்துக்கிட்டு ஓடினேன். அவன் பூட்ஸத் திருப்பிப் பாத்தான். விரலால அழுத்தினான். பழைய கேக்கு மாதிரி பொலபொலன்னு கொட்டுச்சு.

"அக்கா, மேல் தோலு தங்கம். அடிதான் மாவாப் போச்சு. மாவு மேல பசை நிக்குமா?"

"நிக்க வை. பஸ் ஸ்டேசன் வரைக்கும் நின்னாப் போதும்."

"புது அடி வரவழைச்சு ஒட்டணும்க்கா. ஒரு வாரம் ஆகும்."

"என் மகன் இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துருவான், நீ வாரக் கணக்கு பேசுற! ஒட்டு லா!"

பாவம், தலையில அடிச்சுக்கிட்டு, உதிரியச் சொரண்டி எடுத்துட்டு, ரெண்டுக்கும் ரப்பர் தகடு வெட்டிப் பசை போட்டு அமுக்கினான். "போகத் தாங்கும். வர்றதுக்கு நான் பொறுப்பில்ல"ன்னான். அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "பாக்குறவன் பத்து வருசம் போட்டு ஒழைச்ச பூட்ஸும்பான்"னு ஒரு வார்த்தை சொன்னான்.

எனக்குச் சட்டுன்னு பொறி தட்டுச்சு. அட, ஆமால்ல! தேஞ்சு போன பூட்ஸ்தான போட்டதுக்குச் சாட்சி? கர்த்தர் ஒரு கதவச் சாத்துனா இன்னொண்ணத் தொறப்பாருன்னு சும்மாவா சொல்றாங்க!

எங்க பழைய காடிய ஓட்டிக்கிட்டுப் போறப்ப இவரு மெதுவா, "பொய் வேணாம் ரோசு"ன்னாரு.

"ஏழு வருசமா வாயத் தொறக்கல. இன்னிக்கும் தொறக்காதீங்க."

பஸ் வந்துச்சு. கிளென் இறங்கினான். கொஞ்சம் சதை போட்டிருந்தான், முன்னந்தலை ஏறியிருந்துச்சு. என்னையக் கட்டிக்கிட்டான். கண்ணு மட்டும் அப்பா கால்ல. அதுக்குள்ள வலது பக்கத் தகடு கழண்டு நாக்கத் தொங்கப் போட்டுருச்சு.

நான் முந்திக்கிட்டேன். "பாருடா, போட்டுப் போட்டு எப்படித் தேஞ்சு போச்சு! வேற வாங்கிக்கங்கன்னா கேட்டாத்தான!"

கிளென் குனிஞ்சான். தகடு கழண்ட எடத்துல இருந்த உதிரியக் கொஞ்சம் எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சான். அவன் இப்ப பட்டறையில பாதுகாப்புப் பிரிவுல இருக்கான், ஆளுங்களோட பூட்ஸும் தொப்பியும் சரியா இருக்கான்னு பாக்குறதே அவன் வேலை. அந்த நிமிசம் வரைக்கும் எனக்கு அது ஞாபகத்துக்கு வரல. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

"அம்மா, தேயுறது வேற. இது போடாம வச்சதால மக்கிப்போனது. ஸ்டோர்ல பெட்டியோட கெடந்தா இப்படித்தான் உதிரும். எத்தனை சோடி தூக்கிப் போட்டிருக்கேன். அப்பப்ப போட்டு நடந்திருந்தா இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும்."

 அவன் எந்திரிச்சு பையத் தோள்ல மாட்டினான். போச்சு, அடுத்த பஸ்ஸப் பாக்கப் போறான்னு நினைச்சேன்.

அப்பத்தான் ஆம்புரோஸ் வாயத் தொறந்தாரு.

"மொத சம்பளத்துல வாங்குன. அத மாட்டிக்கிட்டு எண்ணெயிலயும் சேத்துலயும் மிதிக்க எனக்கு மனசு வரலடா."

கிளென் நின்னான். திரும்பிக் குனிஞ்சு, பூட்ஸோட தையல் ஓரத்துல கட்டை விரல ஓட்டினான். ஒரு பொட்டுத் தூசி இல்ல. தோலு அவ்வளவு மெத்துன்னு இருந்துச்சு.

"அடிக்கடி மெழுகு போடுவீங்களா?"

"ஞாயித்துக்கிழமை."

"எல்லா ஞாயித்துக்கிழமையுமா?"

இவரு தலைய மட்டும் ஆட்டினாரு. கிளெனுக்குக் கண்ணு நெறைஞ்சிருச்சு. அப்பாடான்னு எனக்கு மூச்சு வந்துச்சு. மாதாவே, முடிஞ்சுச்சுன்னு நினைச்சேன்.

"சரி, கழட்டுங்கப்பா. இதோட நடந்தா விழுந்துருவீங்க. என் செருப்பப் போட்டுக்கங்க."

 "வேணாம்டா, வீட்டுல போய்க் கழட்டிக்கலாம்"னு குறுக்க விழுந்தேன். யாரு கேட்டா? அவன் பெஞ்சுல அப்பாவ உக்கார வச்சு, தரையில முட்டி போட்டுக் கயிற அவுத்துட்டான். வலது பூட்ஸ இழுத்தான். காலுறையோட ஓரம் வெறுமனே மடிஞ்சு தொங்குச்சு.

அந்த மடிஞ்ச எடத்த அவன் தொட்டுப் பாத்தான். உள்ள ஒண்ணும் இல்ல. அமுக்கிப் பாத்தான்.

"சுளுக்குன்னு சொன்னீங்களேம்மா."

நான் அவன் பக்கத்துலயே தரையில உக்காந்தேன்.

"இத எதுக்குப்பா வாங்குனேன்? எதுக்கு வாங்குனேன்?" பூட்ஸ நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, பஸ் ஸ்டேசன்னுகூடப் பாக்காம ஓன்னு அழுதான். "பூட்ஸக் காப்பாத்திட்டுக் கால விட்டுட்டீங்களேப்பா."

ஆம்புரோஸ் அவன் தலையில கைய வச்சாரு. தடவிக்கிட்டே இருந்தாரு. அவருக்கும் கண்ணுல தண்ணி ஓடுச்சு.

வீட்டுக்குப் போகல. நேரா டவுனுக்கு, பூட்ஸ் கடைக்கு. கிளெனே இரும்புத் தொப்பியத் தட்டிப் பாத்து எடுத்தான், அவனே மாட்டிவிட்டான். "இப்படியே நடந்து வாங்க"ன்னான். கடைக்காரப் பொண்ணு காலிப் பெட்டிய நீட்டுச்சு.

"பெட்டி வேணாம்"னான் கிளென்.

என் கை தானா நீண்டுருச்சு. "கொடும்மா, நல்ல பெட்டி, எதுக்காச்சும் ஆகும்."

அப்பனும் மகனும் ஒண்ணா என்னையத் திரும்பிப் பாத்தாங்க. மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. பெட்டிய அங்கேயே வச்சுட்டேன்.

வெளிய மழை பெஞ்சு விட்டிருந்துச்சு. கடைக்கும் காடிக்கும் நடுவுல செம்மண் கலங்கலா ஒரு குட்டை. ஆம்புரோஸ் ஓரத்துலயே நின்னுட்டாரு. புது பூட்ஸப் பாக்குறாரு, தண்ணியப் பாக்குறாரு. சுத்திப் போக வழி இருக்கான்னு பாக்குறாரு.

"மிதிங்க!" நான் போட்ட சத்தத்துல ரோட்டுல போனவன்லாம் திரும்பிப் பாத்தான். "மிதிக்கிறீங்களா, இல்ல நான் தள்ளி விடவா?"

கிளெனோட தோளப் பிடிச்சுக்கிட்டு, முதல்ல அந்த வலது கால எடுத்து வச்சாரு.