கையில் படாமல்

அச்சடித்த துணியை அவள் முகத்தில் விட்டெறிந்தான் கணவன். சரியாகக் காயாத துணி. சாய வாடை மூக்கில் ஏறியது. சாப்பாட்டு மேசையிலிருந்த கண்ணாடித் தம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது.

"பாருடி. கண்ணத் தொறந்து நல்லாப் பாரு. என்ன இது?"

அவள் துணியை மேசைமேல் விரித்தாள். கொடியும் பூவுமாக அவள் வரைந்த டிசைன்தான். ஆனால் ஒவ்வொரு முழத்துக்கும் கொடி வெட்டுப்பட்டு நின்றது. இந்தப் பக்கம் பூ இல்லாத தண்டு, அந்தப் பக்கம் தண்டு இல்லாத பூ. துணி நெடுக இதே கதி.

"இந்த டிசைன் பேப்பர் என் பையில இருந்ததாச்சே. இன்னிக்கு இன்டர்வியூவுக்குக் கொண்டுபோக வெச்சிருந்தேன். எப்ப எடுத்தீங்க?"

"கேள்வி நான் கேக்குறேன். வேணும்னேதான தப்பா வரைஞ்சு வெச்ச?"

"தப்பு இல்லீங்க. பக்கத்து வரிசையைப் பாதி கீழ இறக்கி வெச்சு அச்சடிக்கணும். அப்பத்தான் கொடி சேரும். நீங்க நேருக்கு நேரா வெச்சுட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

அறை விழுந்தது. காதுக்குள் ஏதோ ரீங்கரித்தது.

"உன்னைக் கேக்கணுமா? கிடங்கு முழுக்கத் துணி பாழாக் கெடக்கு. சாயங்காலம் வாங்குறவன் வர்றான். எனக்கே பாடம் எடுக்கிறியா?"

பக்கத்து அறையில் மாமனார் தொலைபேசியில் குழைந்துகொண்டிருந்தார். "ஒண்ணுமில்ல சார், சின்ன மெஷின் கோளாறு." ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் மெதுவாடா. போன்ல பேசுறேன்ல?"

அவள் கல்லூரியில் டெக்ஸ்டைல் டிசைன் இரண்டாம் வருடம் படிக்கும்போது இவர்கள் பெண் கேட்டு வந்தார்கள். "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரு குண்டுமணி நகை வேண்டாம். பொண்ணு படிக்கிற படிப்பு போதும். கல்யாணம் ஆனப்புறமும் படிக்கட்டும்" என்றார் மாமனார். அவளுடைய அப்பா அங்கேயே அழுதுவிட்டார். இப்படியும் மனிதர்கள் உண்டா என்று தெருவே வாயைப் பிளந்தது. அச்சுப்பட்டறை நடத்துகிறவர்களுக்கு மருமகளின் படிப்பில் ஏன் இத்தனை அக்கறை என்று ஒருவரும் கேட்கவில்லை. கல்யாணம் ஆன மறுமாதம், பட்டறையில் சம்பளத்துக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பகலில் கல்லூரி. வந்ததும் கைகால் கழுவி, வரைகிற மேசை. மாமியார் அவளுக்கு வைத்த பெயர் 'காலேஜ்'. "காலேஜ், படுக்கை விரிப்புக்கு நாலு டிசைன் வேணுமாம்", "காலேஜ், திரைச்சீலைக்குக் கட்டம் போட்டாச்சா?" போட்டதெல்லாம் சின்ன முதலாளி போட்ட டிசைன் என்று கடை கடையாகப் போனது. கடைக்காரர்கள் கணவனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். அவனும் போகப்போக அதை நம்பிவிட்டான்.

கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சினிமாவுக்கு உடை வடிவமைக்கப் போகிறாள். ஒருவன் ஏற்றுமதிக் கம்பெனியில் நிறம் சரிபார்க்கிற வேலைக்கு. இன்னொருத்தி மேல்படிப்பு முடித்து வாத்தியார் ஆகப்போகிறாளாம். இவள் பெயரை ஆசிரியை ஒரு பெரிய ஆலையின் டிசைன் பிரிவுக்குச் சொல்லியிருந்தார். அங்கே சம்பளம் உண்டு. ஆலை விடுதியில் தங்க ஓர் அறையும் உண்டு. அந்த அறையைத்தான் அவள் பல நாளாக மனதுக்குள் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். நேர்காணல் இன்று காலை பதினொன்றுக்கு.

மாமியார் வாசற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

"எங்கயும் போக வேண்டாம். உக்காந்து அதை நேராப் போட்டுக் குடு."

"போயிட்டு வந்து போட்டுத் தர்றேன் அத்தை. தயவுசெஞ்சு கதவைத் தொறங்க."

"நீ வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சுப் போடுற கதியிலயா நாங்க இருக்கோம்?"

"இத்தனை நாளா நான்தானே அத்தை போட்டுட்டிருக்கேன்?"

வாய் தவறி வந்ததல்ல அது. இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றது.

அச்சுச் சட்டத்தில் சாயம் இழுக்கிற கனமான மரக்கட்டை ஒன்று சுவரோரம் கிடந்தது. கணவன் அதை எடுத்தான். முதல் அடி முதுகில். அடுத்தது தொடையில். அவள் தரையில் சுருண்டாள். தடுக்கக் கையைத் தூக்கியபோது மாமியார் அலறினாள்.

"கையில படாம அடிடா! சாயங்காலத்துக்குள்ள வரையணும்ல?"

அடுப்பில் பால் பொங்கும்போது குரல் கொடுப்பாளே, அதே பதற்றம். அவனும் புத்திசாலிப் பிள்ளையாக அவள் கையை ஒதுக்கிவிட்டு இடுப்புக்குக் கீழே அடித்தான். மூச்சு வாங்கிய பிறகு நிறுத்தினான். இருவருமாக அவளைத் தூக்கிக் கூடத்து மூலையிலிருந்த வரைகிற மேசைக்கு இழுத்துப்போனார்கள்.

மேசைமேல் காகிதம் இருந்தது. பென்சில் இருந்தது. மாதிரித் துண்டுகள் நறுக்குகிற கட்டர் இருந்தது, நீளக் கைப்பிடியும் முழங்கை அளவு கத்தியுமாக. அவள் கத்தியைத் தூக்கி, வலது கையைக் கீழே வைத்தாள். இடது கை கைப்பிடியைப் பிடித்தது.

"கதவைத் தொறங்க."

கணவன் சிரித்தான். "வெட்டிக்கோ. யாரைப் பயமுறுத்துற?"

அவள் கைப்பிடியை அழுத்தினாள். சுண்டுவிரலில் மெல்லிய கோடு ஒன்று சிவந்து, பிறகு வழிந்தது. வெள்ளைக் காகிதத்தில் சொட்டியது.

"ஐயையோ, கைடா! கை!" மாமியாருக்குக் குரல் கிழிந்தது.

மாமனார் தொலைபேசியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "சாவியக் குடுடி முதல்ல!" கதவைத் திறந்தவர் அவள் பக்கம் திரும்பிக் கும்பிடாத குறையாக நின்றார். "வேண்டாம்மா. கையை எடும்மா. என் கண்ணுல்ல?"

இந்த வீட்டில் யாரும் அவளை அம்மா என்றோ கண்ணே என்றோ கூப்பிட்டதில்லை.

"மூணு பேரும் உள் ரூமுக்குப் போங்க."

போனார்கள். கணவன்கூடப் போனான். அவள் எழுந்து, சுவரைப் பிடித்தபடி நடந்து, அந்த அறையை வெளியே தாழிட்டாள். செருப்பு தேட நேரமில்லை.

தெருவில் அவள் நொண்டி நொண்டிப் போவதைப் பார்த்து எதிர்வீட்டுக்காரி இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னாள்: "ஒத்தப் பைசா வாங்காமக் கட்டிக்கிட்ட குடும்பம். இதுக்கு மேல இவளுக்கு என்ன வேணுமாம்?"

"நல்லவங்களுக்குத்தாங்க இப்படி வாய்க்குது" என்றார் அவர், சட்டைக் காலரை மடித்தபடி.

நேர்காணல் அறையில் இருவர் இருந்தார்கள். ஆலையின் நிர்வாகி, டிசைன் பிரிவின் தலைவி. வீங்கிய முகத்தையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு நிர்வாகி தலைவியின் பக்கம் சாய்ந்தார். "குடும்பத் தகராறு போலிருக்கு. நமக்கு எதுக்கு மேடம் வம்பு?"

தலைவி அவள் பக்கம் திரும்பினாள். "டிசைன் ஏதாவது கொண்டுவந்திருக்கியாம்மா?"

"இல்ல மேடம். வீட்டுல எடுத்துட்டாங்க. பேப்பர் குடுத்தா இங்கயே வரையறேன்."

தலைவி ஒரு பெரிய தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தாள். எழுந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. அவசரமில்ல."

அவள் சுண்டுவிரலில் முந்தானை நுனியைச் சுற்றி இறுக்கினாள். பென்சிலை எடுத்தாள். நாற்காலியை ஒரு கையால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினாள்.

"உக்கார முடியாது மேடம். நின்னே வரையறேன்."