பத்து நிமிடத் தாமதம்

சிலி நாட்டின் தென்கோடியில், பூந்தா அரேனாஸ் விமான நிலையத்தில் பத்தொன்பது வருடமாக அறிவிப்பு மைக் பிடிப்பவள் நோல்ஃபா. தலைநகர் சாந்தியாகோ எவ்வளவு தூரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், மூன்று மணி இருபது நிமிடம். காற்று விமானத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, பயணிகள் முறைக்கும்போது அவளிடம் ஒரு வசனம் உண்டு. "பத்து நிமிஷத்துல என்னங்க குடி முழுகிடப் போவுது?" முறைத்தவர்களும் சிரித்துவிடுவார்கள்.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் டாக்டர் பாரியா தயங்கித் தயங்கிப் பேசியபோது, அவருக்கு முன்பே அவள் கணக்குப் போட்டுவிட்டாள். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த மகன் யெர்கோவுக்கு மூளை செத்து இரண்டாம் நாள். எந்திரத்தின் தயவில் மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"உடம்புலேர்ந்து எடுத்தா கிட்னி ஒரு நாள் தாங்கும்மா. இதயம் நாலு மணி நேரந்தான். வடக்கே சாந்தியாகோவுல ஒரு பொண்ணு காத்துக்கிட்டிருக்கு."

"ஏர்போர்ட்டுக்குக் கால் மணி. அங்க இறங்கினா ஹெலிகாப்டர்ல பத்து நிமிஷம். இன்னும் பதினஞ்சு நிமிஷம் கையில இருக்கு டாக்டர். அனுப்புங்க."

கையெழுத்துப் போடும் முன் மகனின் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். "அந்தப் பொண்ணாவது பத்திரமா வச்சுக்கட்டும். இவன் ஹெல்மெட்டே போட மாட்டான்" என்றாள். அந்தத் துடிப்பு எங்கேயோ கேட்டுக்கொண்டிருக்கும் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அன்று நின்றாள்.

இதயம் வைத்த பெட்டி போன ஆம்புலன்ஸைப் பார்த்தபடியே தெருவுக்கு வந்தாள். காற்றுக்காலத்தில் ஆட்கள் விழாமல் பிடித்து நடக்கத் தெருமுனையில் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கூட வேலை செய்யும் தாங்காவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, பெட்டி ஏத்தியாச்சு. ஆனா காத்து குறுக்கால அடிக்குது. பறக்க விட மாட்டேங்கறாங்க."

"எவ்வளவு நேரம்டி?"

"தெரியலக்கா."

நோல்ஃபா அண்ணாந்து பார்த்துக் காற்றிடம் கத்தினாள். "பத்தொம்போது வருஷமா உனக்காக ஊரு சனங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே, பாவி. எனக்கு ஒரு தடவை வழி விடக் கூடாதா?"

இருபத்தைந்து நிமிடம் கழித்துத்தான் வழி விட்டது.

சாயங்காலம் டாக்டரே அவளைத் தேடி வந்தார். இரண்டு கிட்னியும் இரண்டு பேருக்குப் பொருந்திவிட்டன என்றார். அவள் காத்திருந்தது அதற்கில்லை.

"நாலு மணி நேரத்துக்கு மேல பத்து நிமிஷம் தாண்டிடுச்சும்மா. அங்க இருக்கற டாக்டருங்க இதயத்தை வைக்கத் துணியல. அந்தப் பொண்ணு வேற இதயத்துக்குக் காத்திருக்கணும்."

அவளுக்கு மகன் செத்தது அப்போதுதான்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே காற்று. சாந்தியாகோ விமானம் பத்து நிமிடத் தாமதம். மைக்கைத் தட்டி விமான எண்ணைச் சொன்னாள். "பத்து" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

அவளை நன்றாகத் தெரிந்த ஒரு பயணி, நடந்தது தெரியாமல், வரிசையிலிருந்து சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

"பத்து நிமிஷத்துல என்னம்மா குடி முழுகிடப் போவுது?"