மேல போற பஸ்

"இந்தப் பாலம் மட்டும் எந்திரிச்சு நிக்கட்டும். அப்பறம் இந்த நால்ரோட்டுல ஏழைன்னு சொல்லிக்க ஒருத்தன் சிக்கமாட்டான்" என்று பேக்கரி வாசலில் அறிவித்தான் அங்கப்பன். சிரிக்காமல்தான் சொன்னான். பாலத்துக்குக் கம்பி கட்டுகிறவன் அவன். அரசாங்கம் கொட்டும் கோடிகளை நேரிலேயே பார்த்தவன், கொஞ்சம் தூரத்திலிருந்து.

மூலனூர்ப் பக்கத்து வானம் பார்த்த காட்டை விட்டுப் பல்லடம் வந்து சேர்ந்த குடும்பம். கம்பி வேலை வந்தால் உண்டு. லைன் வீட்டு வாடகையும் மகள் இனியாவின் படிப்பும் மனைவி சின்னாத்தாளின் கொய்யாக் கூடையில்தான் ஓடின. நால்ரோட்டில் பஸ் நிற்கும்போது ஜன்னல் ஜன்னலாக விற்பாள். அந்தக் கூடை படுத்தால் திரும்பவும் மூலனூர்தான்.

"ஏனுங்ணா, பாலம் வந்தா பஸ்ஸெல்லாம் மேல போயிருமாமுங்க?" என்றான் கடலை விற்கும் கந்தப்பன்.

"போகட்டுமே! நாமளும் மேல போயிருவோம் கண்ணு."

"அதுக்குப் பாலம் எதுக்குங்ணா? எல்லாரும் ஒருநாள் போறதுதானுங்களே."

சோதனைக்காகப் பாலத்தில் பஸ் விட்ட அன்றே கந்தப்பன் கடலையோடு மேலே ஏறிவிட்டான். ஏற்றத்தில் பஸ் கியர் மாற்றித் திணறும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டான்.

"பாரு அம்மணி, கொரங்காட்ட ஏறி நிக்கறான்! கோடி கோடியாப் போட்டுக் கட்டுன பாலத்துல கடலைப் பொட்டலம். மானமுள்ளவன் செய்வானா?" என்று மனைவியிடம் சொன்னான் அங்கப்பன்.

"அவன் கடலை தீந்துபோச்சுங்க" என்றாள் சின்னாத்தாள். அவள் கூடையில் கொய்யா குறையவில்லை.

திறப்பு விழாவன்று பாலத்தடிக் கடைகளைப் பச்சைத் துணி கட்டி மறைத்தார்கள். துணிக்குப் பின்னால் நின்று அங்கப்பன் விடாமல் கைதட்டினான். மறுநாள், பாலம் முடிந்ததால் வேலையும் முடிந்தது என்று மேஸ்திரி மரியாதையாகவே சொன்னார்.

அதன்பின் ஒரு பஸ்கூடக் கீழே வரவில்லை. தூணில் சிரிக்கும் விவசாயி ஒருவரை வரைந்திருந்தார்கள். சின்னாத்தாளுக்கு எதிரே நாள் முழுக்க நின்றவர் அவர் ஒருவர்தான். அவரும் ஒன்றும் வாங்கவில்லை.

கொய்யா அழுகத் தொடங்கிய வாரத்தில் அவள் கேட்டாள். "ஏனுங்க, பள்ளிக்கூடத்துல இனியாவுக்கு டீசி வாங்கிப்போடலாமுங்களா?"

மறுநாள் காலையில் அவள் பல் துலக்கி வருவதற்குள் அங்கப்பன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பாலத்து ஏற்றத்தில் கந்தப்பன் தன் தட்டை நகர்த்தி இடம் விட்டான்.

"கைப்பிடிச் சுவரோட ஒட்டி நில்லுங்ணா. முந்தாநாளு ஒரு லாரிக்காரன் தட்டிப்போட்டுப் போயிட்டான்."

திருப்பூர் பஸ் உறுமிக்கொண்டு ஏறி வந்தது. அங்கப்பன் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு பொட்டலம் கொய்யாவை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தான்.