இரண்டு தட்டு

ஓட்டுநருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடிப்பதும் விடுவதுமாக உட்கார்ந்திருந்தான். ஓட்டலின் பின்வாசலில், பட்டப்பகலில், அழுக்குத் துணி ஏற்ற வந்த சலவை வண்டியாக நிற்கிறது அவன் வண்டி. கீழே நிலவறைப் பெட்டகத்தில் பணக்கார விருந்தாளிகளின் நகைகள். அங்கே இப்போது இரண்டு பேர். ஒருவர், மேஸ்திரி என்று எல்லோரும் கூப்பிடுகிற கூட்டத்தலைவர். இன்னொருத்தி அவருடைய தங்கை பூட்டுக்காரி. அவள் கைபட்டுத் திறக்காத பூட்டை இன்னும் யாரும் செய்யவில்லை. ஓட்டுநரின் மனசு எப்போதோ திறந்துவிட்டது, பாவம்.

மேஸ்திரியின் கூட்டத்தில் வண்டி ஓட்டுகிறவன் இறங்கக்கூடாது, இன்ஜினை அணைக்கக்கூடாது, திரும்பிப் பார்க்கவே கூடாது. அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு. கடைசியாக ஏறுகிறவர் அதில் இரண்டு தட்டு தட்டுவார். எல்லோரும் வந்தாச்சு, எடு என்று அர்த்தம். யார் வந்தார், யார் வரவில்லை என்பதெல்லாம் ஓட்டுநர் வேலை இல்லை.

போன தடவை அப்படித்தான் அவன் தன் கூடப்பிறந்த அண்ணனையே விட்டுவிட்டு வந்தான். தட்டு விழுந்தது, எடுத்தான். வெகுதூரம் போன பிறகுதான் மேஸ்திரி வாயைத் திறந்தார்: அண்ணன் உள்ளேயே விழுந்துவிட்டான், ஒன்றும் செய்ய முடியவில்லை. சிறை ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்த அண்ணன் வேறு கதை சொன்னான். "நான் விழவே இல்லடா. வண்டிக்குப் பின்னாடியே ஓடி வந்தேன். நீ திரும்பிப் பாக்கல." சொன்ன சில நாளில் செத்தும் போனான். இவன் மறுபடி அதே கூட்டத்தில் வந்து சேர்ந்தது மேஸ்திரிமேல் உள்ள பாசத்தினால் அல்ல.

திட்டம் ரொம்ப எளிது. பூட்டுக்காரி முதலில் ஏறித் தட்ட வேண்டும். இவன் எடுத்துவிட வேண்டும். மேஸ்திரி நடுத்தெருவில் நிற்க வேண்டும். காலையில் அவள் கருவிகளைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது சொல்லிப் பார்த்தான்.

"உனக்கென்ன பைத்தியமா? அவரு எங்கண்ணன்" என்றாள்.

"எங்கண்ணன விட்டுட்டு வந்தவரு."

"அந்த அவசரத்துல என்ன நடந்துச்சோ! அம்மா போனப்புறம் என்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவரு அவரு. இன்னைக்கும் அந்தக் கம்பிக்கதவ அவருதான் புடிச்சுட்டு நிக்கப்போறாரு. அவரை நம்பித்தான் நான் உள்ள போறேன்."

நிலவறை வாசலில் இருக்கும் அந்தக் கம்பிக்கதவு கையை விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க வழியே இல்லை. வெளிச்சுவரில் இருக்கும் விசையை இழுத்தால்தான் உண்டு.

"கோக்குமாக்கா ஏதும் பண்ணி வைக்காத" என்று அவன் தோளில் ஒரு இடி இடித்துவிட்டுப் போனாள். இப்போதும் அந்தத் தோளைத்தான் தடவிக்கொண்டிருந்தான்.

திடீரென்று உள்ளே எச்சரிக்கை மணி அலறியது. பின்கதவு திறந்தது. வண்டி குலுங்கியது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தகரத்தில் இரண்டு தட்டு.

பழக்கதோஷம், கால் கிளட்சை விட்டுவிட்டது. வண்டி நகர்ந்தும்விட்டது. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. வண்டி ஒரே ஒரு தடவைதான் குலுங்கியது. ஏறியது ஒரே ஆள். பிரேக்கை மிதித்தான்.

"ஏன்டா நிறுத்துற? எடுடா!" என்றார் மேஸ்திரி தடுப்புக்குப் பின்னாலிருந்து.

"அவ எங்க?"

"வந்துட்டா. எடு."

"பேசச் சொல்லுங்க."

"மணி அடிச்சிருச்சு, நான் என்னடா பண்றது? பொம்பளப் புள்ள, சீக்கிரம் விட்ருவாங்க. எடு வண்டிய!"

பேசுகிற பேச்சைப் பாருங்கள். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தான். சாவியை உருவிக்கொண்டு இறங்கினான். பின்கதவின் வெளித் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் போட்டு, அதே சாவியால் பூட்டிவிட்டு ஓட்டலுக்குள் ஓடினான். மணிச் சத்தத்தில் ஆளாளுக்கு வெளியே ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவன் போட்டிருந்த சலவைக்காரச் சட்டையை யாரும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அவள் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி ஒரு வளைந்த கம்பியால் விசையை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டவில்லை. முழங்கையெல்லாம் ரத்தம். அவன் விசையை இழுத்தான்.

"எங்கண்ணன் எங்க? அடிபட்டிருச்சா?"

"இல்ல. வண்டில இருக்காரு."

அவள் வளைந்த கம்பியைக் கீழே போட்டாள். "நான் கூப்பிட்டேன். திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் போனாரு" என்றாள்.

ஓட்டுநருக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. இதற்காக இத்தனை நாள் காத்திருந்தவனுக்குச் சந்தோஷம் என்று ஒரு பொட்டும் வரவில்லை. சலவைக்குக் கிடந்த ஒரு மூட்டை விரிப்பை அவள் கையில் திணித்து, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே கூட்டிவந்தான்.

வண்டியருகே அவள் கையை நீட்டினாள். "சாவியக் குடு."

அவனுக்குத் திக்கென்றது. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவர். திறந்துவிடத்தான் போகிறாள், அப்புறம் மேஸ்திரி இவனைச் சும்மா விடமாட்டார். ஆனாலும் அவளிடம் மாட்டேன் என்று சொல்ல அவனால் ஆகவில்லை. கொடுத்தான்.

அவள் பின்கதவுப் பக்கம் போகவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து உள்ளே எட்டி, விரல் முட்டியால் தகரத் தடுப்பில் இரண்டு தட்டு தட்டினாள்.

"வந்துட்டியாம்மா?" உள்ளேயிருந்து மேஸ்திரியின் குரல் குழைந்தது. "உன்னை விட்டுட்டுப் போவேனா நான்? சரி சரி, எடுடா."

அவள் கதவைச் சாத்தினாள். சாவியைச் சாக்கடையில் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் போலீஸ் வண்டி ஒன்று அவர்களைக் கடந்து போனது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்தான். சலவை வண்டி நின்ற இடத்திலேயே லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது, இரண்டிரண்டாக. அவள் மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை.