ரேப்பரின் வெள்ளைப் பக்கம்

பாக்கெட் நாவலில் முதலில் பிறப்பது கதையல்ல, ரேப்பர், அதாவது மேலட்டை. கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். அச்சுக்கூடத்துப் பெரிய தாள் ஒன்றில் நான்கு அட்டைகள் அடங்கும். ஒரே ஒரு அட்டைக்காகக் கலர் மிஷினை ஓட்டினால் கட்டுப்படியாகாது. ஆகவே நான்கு மாதத்து ரேப்பர்களையும் ஒரே தாளில் அடித்து, வெட்டி, அடுக்கி வைத்துவிடுவார்கள். தலைப்பும் படமும் தயாராகிவிடும், கதை பிறகு வரும். ரேப்பரில் நாய் நின்றதற்காக ஒரு கொலைக் கதைக்குள் நாயைக் கொண்டுவந்திருக்கிறேன். கடைசியில் அந்த நாய்தான் கொலையாளியைக் கண்டுபிடித்தது.

மிஷின் ஓடத் தொடங்கும்போது வரும் முதல் தாள்களில் நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. சிவப்பு ஒரு பக்கம் விலகி நிற்கும், நீலம் ஒரு பக்கம். அவை வேஸ்ட். ஆனால் பின்பக்கம் சுத்தமான வெள்ளை. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடியில் பதிப்பகம் நடத்தும் சுப்பண்ணன் அந்தத் தாள்களை வீசுவதில்லை. வெட்டி வைத்துக்கொண்டு கடிதம் எழுதுவார்.

எல்லாக் கடிதமும் அதில் போகாது. அலுவல் கடிதம் லெட்டர்ஹெட்டில் டைப் ஆகி, இரண்டு துளை விழுந்து, ஃபைலில் ஏறும். சொந்தக் கடிதம் ரேப்பரின் வெள்ளைப் பக்கத்தில், பச்சை மையில். அதற்குத் துளை கிடையாது. "துளை போட்டா அது கம்பெனியோடதுங்க அம்மணி. போடாதது நம்மளோடது" என்று நான் அவருக்கு எழுத வந்த புதிதிலேயே சொல்லியிருந்தார்.

நான் கருமத்தம்பட்டியில் என் தம்பி இல்யாஸ் வீட்டில் இருக்கிறேன். கணவர் ரைஹானும் நானும் பிரிந்த பிறகு அங்கே வந்தவள். சுப்பண்ணனுக்கு நாவல் எழுதுவேன், மற்றவர்களுடையதற்குப் புரூஃப் பார்ப்பேன். புரூஃப் கட்டு வரும்போதெல்லாம் உள்ளே ஒரு பச்சை மைக் கடிதம் இருக்கும். நான் பதில் எழுதுவதற்காக அவரே இரண்டு மூன்று வெற்று ரேப்பர்களும் வைத்திருப்பார். போனில் சொல்ல முடியாததை அதில் எழுத முடிந்தது. ஒரு வீட்டில் பலர் இருக்கும்போது போன் எல்லோருக்கும் கேட்கும், பேனா கேட்காது.

அப்படித்தான் பஸ் விஷயத்தை எழுதினேன்.

கோட்டைமேட்டில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகும் வெள்ளிக்கிழமைகளில், காந்திபுரத்தில் இறங்கி உக்கடம் பஸ் ஏறுவேன். இடது பக்கம் ஜன்னல் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவேன். ஒப்பணக்கார வீதியில் ரைஹானின் மூக்குக்கண்ணாடிக் கடை இடது பக்கம் வரும். பஸ் அங்கே ஊர்ந்துதான் போகும். அவர் யாருக்காவது ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான். பிரிவைக் கேட்டு வாங்கியவளே நான்தான். அப்படியும் பார்க்கப் போகிறேன் என்றால் இல்யாஸுக்குப் புரியாது, ஜமாஅத்தில் எனக்காக மூச்சு வாங்கப் பேசியவன் அவன். ரைஹானுக்குத் தெரிந்தாலோ, பிறகு நான் எந்தப் பஸ்ஸிலும் ஏற முடியாது.

சுப்பண்ணன் நிதானமாகப் பதில் எழுதினார். புத்தி சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஒரு கேள்வி இருக்கும். "மழைநாளில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிடுவார்களே, அப்போது என்ன செய்வீர்கள்?" "கடையில் வேறு பெண் யாராவது நின்றிருக்கிறாளா?" இத்தனை அக்கறையாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. பதில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

போன வாரக் கடிதத்தின் கேள்வி இது: "அவர் எப்போதாவது உங்களைப் பார்த்தாரா?"

படித்துவிட்டுத் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் என்ன படம் என்று பார்ப்பது என் வழக்கம். நிறம் விலகிய டவுன் பஸ். ஜன்னலில் முக்காடு போட்ட பெண், இரண்டு மூக்கோடு. மேலே தலைப்பு: "இடது பக்க ஜன்னல்". கீழே எழுத்தாளர் பெயர் சரவணன், சுப்பண்ணனுக்கு எழுதும் இன்னொருவர்.

அடுத்த நான்கு மாதத்துத் தாள். வேஸ்ட் அடுக்கில் மேலே இருந்ததை எடுத்து, திருப்பிப் பார்க்காமல், எனக்கே எழுதியிருக்கிறார்.

மறுநாள் காந்திபுரம் போனேன். மாடியேறியதும் எழுந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, சொல்லாம வந்திருக்கீங்க. டீ சொல்லட்டுங்களா?"

கடிதத்தைப் படம் மேலே தெரியும்படி மேஜையில் வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேரெல்லாம் மாத்தியாச்சுங்க," என்றார் கடைசியில். "ஊரும் அவிநாசின்னு போட்டிருக்குது. அந்தாளு கதையில வாட்ச் கடை வெச்சிருக்காருங்க."

"பஸ்ஸு?"

"பஸ்ஸு... அதேதானுங்க."

"இடது பக்கம்?"

"அதை மாத்துனா கதையே இல்லைங்களே."

"இந்தப் புஸ்தகம் எங்கண்ணா தொங்கும்?"

நானே சொன்னேன். "பஸ் ஸ்டாண்டு கடையில கயிறு கட்டித் தொங்க விடுவீங்க. என் பஸ்ஸு கிளம்புற இடத்துல. ரைஹான் கடைப் படியிலயும் பேப்பர்க்காரரு ஒருத்தர் இருக்காருங்க."

"நல்ல கதைங்க அம்மணி," என்றார் மெதுவாக. "நீங்களா எழுத மாட்டீங்கன்னு தெரியும். வீணாப் போகுதேன்னுதான்..."

அலமாரியில் அதே தலைப்பு எழுதிய புது ஃபைல் இருந்தது. எடுத்தேன். என் கடிதங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு துளை. ஓரத்தில் பச்சை மையில் அத்தியாய எண். அப்போதுதான் அந்தக் கேள்விகள் எனக்கு விளங்கின. பாக்கெட் நாவலில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கேள்வியில் முடிய வேண்டும், அப்போதுதான் வாசகர் பக்கத்தைத் திருப்புவார். எனக்கே அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மழை ஒரு அத்தியாயம். கடையில் வேறு பெண் ஒரு அத்தியாயம். என் துக்கத்தை அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பக்கம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

ஃபைலின் முதல் தாளில் அத்தியாயப் பட்டியல் இருந்தது. கடைசி அத்தியாயத்துக்கு எதிரே எதுவும் இல்லை.

"சரவணன் முடிவுக்காகக் காத்திருக்காரு, அதானுங்களே?" என்றேன். "அதுக்குத்தான் இந்தக் கேள்வி."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று தெரியும். மாத நாவல் மாத இதழாகப் பதிவானது. தபால் சலுகை வேண்டுமென்றால் குறித்த தேதியில் கட்டுகள் தபாலாபீஸில் இருக்க வேண்டும். ரேப்பரை மாற்ற நேரம் இல்லை. ஆனால் ரேப்பருக்குள் எந்தக் கதையும் இருக்கலாம்.

"இதே தலைப்புக்கு நான் எழுதித் தாரேங்க. பஸ்ல பேங்க் மேனேஜர் ஒருத்தரு, இடது பக்க ஜன்னலோரம் செத்துக் கிடப்பாரு. முக்காடு போட்ட அம்மாதான் சாட்சி. சரவணன் பேர்லயே வரட்டும். அவரு எழுதினது வரக்கூடாது. ஆகாதுன்னா, எப்படியும் ஊருக்குத் தெரியத்தான் போகுது, இந்த ரேப்பரோட நானே ஜமாஅத்துக்குப் போறேன், நீங்க அங்க வந்து பதில் சொல்லிக்கோங்க."

"அதெல்லாம் வேண்டாமுங்க. எழுதுங்க," என்றார். பிறகு, பழைய குரலில், "கோவிச்சுக்காதீங்க அம்மணி. நமக்குள்ள..."

"லெட்டர்ஹெட் ஒண்ணு கொடுங்க."

ஒப்புக்கொண்டதை டைப் செய்து கையெழுத்து வாங்கினேன். துளை போட்டு நானே ஃபைலில் கோத்தேன். என் கடிதங்களை உருவி எடுத்துக்கொண்டேன். துளைகளை அடைக்க வழியில்லை.

நாவலை எழுதிக் கொடுத்துவிட்டேன். நேற்று அதன் புரூஃப் வந்தது. கட்டுக்குள் வழக்கம்போல ஒரு ரேப்பர், படம் மேலே பார்க்க மடித்திருந்தது. வெள்ளைப் பக்கத்தில் பச்சை மை இருப்பது தாளின் ஊடே லேசாகத் தெரிந்தது. நான் திருப்பவில்லை. புரூஃபை மட்டும் திருத்தி, அந்தத் தாளையும் அப்படியே கட்டுக்குள் வைத்து அனுப்பினேன்.

ஜன்னலைப் பற்றி இதோ இங்கே நானே சொல்லிவிட்டேன். சொல்வதென்றால் நான் சொல்ல வேண்டியது அது. ரைஹான் என்னைப் பார்த்தாரா என்பதை யாருக்கும் எழுதப் போவதில்லை.