அவனுக்குப் பதிலா ஒரு குரல்

என் தம்பி காலேஜுக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாத பிள்ளைன்னு தையல் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் பீத்திக்கிட்டவ நான். தொடர்ந்து வகுப்புக்கு வராம இருந்தா வீட்டுக்கு மெசேஜ் வரும்னு சேர்க்கும்போதே சொல்லியிருந்தாங்க. என் போனுக்கு ஒண்ணும் வரலை. அப்புறமென்ன கவலை? நிம்மதியா மெஷினை மிதிச்சேன்.

போன்ல பேசினா மட்டும் எரிச்சலா வரும். "சாப்பிட்டியாடா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." அம்மாவும் அப்பாவும் போனப்புறம் தூக்கி வளர்த்தவகிட்ட பேச துரைக்கு நேரமில்லை போலன்னு நானும் வீம்பா வச்சிடுவேன்.

தம்பிக்கு ஒரு சட்டை தைச்சு முடிச்சேன். நேர்லயே கொடுப்போம்னு கடையைப் பூட்டிட்டு, சொல்லாம கொள்ளாம அவன் ஹாஸ்டலுக்குப் போனேன்.

மத்தியான நேரம், அறைக்குள்ள இருட்டு. ஜன்னல்ல போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. தம்பி சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தான். கூட இருக்குற பசங்க ரெண்டு பேரும் என்னைப் பார்த்ததும் பேயடிச்ச மாதிரி எழுந்து நின்னாங்க. ஒருத்தன் கண்ணாடிக்காரன், சோடாபுட்டின்னு கூப்பிடுவாங்க. இன்னொருத்தன் மிமிக்ரி. யார் குரல்ல வேணும்னாலும் பேசுவான்.

"எழுந்திருடா, போட்டுப் பாரு"ன்னு சட்டையை மாட்டிவிட்டேன். தோள் ரெண்டும் தொங்குது, கழுத்துல ஒரு கை நுழையுது. அளவெடுத்தவ நான். துணி தப்பில்லை, பிள்ளைதான் பாதியாயிட்டான்.

உட்காரலாம்னு போனா, கட்டிலுக்கடியில காலுல இடறுச்சு. இருமல் மருந்து பாட்டில். குனிஞ்சு பார்த்தா சுவர் ஓரம் வரைக்கும் அதான்.

"யாருக்குடா இருமல்?"

தம்பி மறுபடியும் சுவத்துப் பக்கம் திரும்பிட்டான். அந்த ரெண்டு பேரையும் வராந்தாவுக்கு இழுத்துட்டுப் போனேன்.

"குடிச்சாத்தான் மண்டைக்குள்ள சத்தம் நிக்குதாம்க்கா. முதல் பரிட்சையில மார்க் குறைஞ்சதுல இருந்தே படுத்தே கிடக்கான், குடி அப்புறம் வந்தது. வகுப்புக்கே வர்றதில்லை"ன்னான் சோடாபுட்டி.

"வராம எப்படிடா எனக்கு மெசேஜ் வரலை?"

மிமிக்ரி தலையைக் குனிஞ்சான். "நான்தான்க்கா அவன் குரல்ல 'எஸ் சார்' சொல்லிடுவேன். சார் தலையைத் தூக்கிப் பார்க்கவே மாட்டார். வருகை குறைஞ்சா பரிட்சை எழுத விடமாட்டாங்க. உங்களுக்கும் தெரிஞ்சிடும். நீங்க பாவம், தனியாக் கஷ்டப்படுறீங்கன்னு..."

ஓங்கி ஒண்ணு விடலாம்னு கையைத் தூக்கிட்டேன். "எங்க, சொல்லிக் காட்டு"ன்னேன்.

பயந்துக்கிட்டே சொன்னான். "எஸ் சார்."

அட கடவுளே! அச்சு அசல் என் பிள்ளை. கலகலன்னு, வயிறார சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவன் குரல். அப்படி ஒரு குரலை அவன்கிட்ட நான் கேட்டு எத்தனை மாசமாச்சு! அங்கேயே நின்னு அழுதேன். அடிக்க ஓங்கின கையால மூக்கைத் துடைச்சுக்கிட்டேன்.

வண்டி பிடிச்சு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். டாக்டரம்மா நல்ல மனுஷி, திட்டலை, முறைக்கலை. அவன்கிட்ட தனியாப் பேசிட்டு என்னைக் கூப்பிட்டாங்க. "இது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லைம்மா. மனசுக்கு வந்த நோய். மருந்துப் பழக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்கணும். இங்கேயே கொஞ்ச நாள் இருக்கட்டும்"னாங்க.

கட்டில்ல அவன் பக்கத்துல உட்கார்ந்தேன். தலையைக் கோதிவிட்டேன். கோபமும் அழுகையும் ஒண்ணாத்தான் வந்துச்சு.

"ஏன்டா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அக்கா என்ன செத்தா போயிட்டேன்?"

கண்ணைத் திறக்காமலேயே பேசினான். "சொல்ல வாய் வரலைக்கா. க்ளாஸுக்குப் போகலைன்னா உனக்கு மெசேஜ் வருமில்ல, நீ வந்து நாலு அறை விட்டுக் கேப்பே, அப்போ சொல்லிடலாம்னு இருந்தேன். மிமிக்ரி எனக்காகக் குரல் கொடுக்குறது, நீ வராந்தாவுல கேட்டப்போதான் எனக்கே தெரியும்."

என் கையைத் தேடிப் பிடிச்சுக்கிட்டான்.

"தினம் வாசலையே பார்த்தேன். நீ வரலை. அக்காவுக்கும் நான் அலுத்துப் போயிட்டேன் போலன்னு நினைச்சேன். அதுக்கப்புறம்தான் பாட்டிலைத் தொட்டேன்."