இரண்டு இடக்கால்

மற்றவர்கள் பாதியில் விட்ட மணி கோக்கும் வேலையை முடித்து வைப்பதுதான் என் பொழுதுபோக்கு. கல்யாணம் நின்றுபோன நோன்யா என்கிற மலாய்ச் சீன வீட்டுப் பெண்கள், கண் மங்கியவர்கள், சலித்துப்போனவர்கள் என்று யார் யாரோ கைவிட்ட செருப்பு முகப்புகள் மரச்சட்டத்தோடு என்னிடம் வந்து சேரும். பெரும்பாலும் மாப்பிள்ளைக்கென்று மணப்பெண் தன் கையால் கோக்கத் தொடங்கியவை. ஒருத்தி நிறுத்திய மணியிலிருந்து நான் தொடங்குவேன். அவள் கோத்ததில் கை வைக்க மாட்டேன். அந்த வழக்கத்தை ஒரே ஒரு தடவை மீறினேன், என் மாமியார் மேல் இருந்த கடுப்பில்.

போன ரமலானுக்கு முன் சூலியா தெரு வீட்டின் மேல்மாடியைக் கூட்டியபோது, பழைய பெட்டிக்கடியில் ஒரு சட்டம் கிடைத்தது. ஒரு முகப்பு முழுதாக முடிந்திருந்தது. ரோஜாக் கிளையில் பச்சைக் கிளி, வலப்பக்கம் பார்த்தபடி. அப்படியென்றால் அது இடக்கால் செருப்புக்கு. ஜோடியில் இரண்டு கிளியும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் பாதி கோத்திருந்த இரண்டாவது முகப்பிலும் கிளி வலப்பக்கமே பார்த்தது. இரண்டும் இடக்கால்!

"இது யாரு பண்ணது?" என்று என் கணவர் ஜபருல்லாவிடம் கேட்டேன்.

"உம்மாவோடதா இருக்கும் லா," என்று சொல்லிவிட்டு, சொங்கோக் தொப்பியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

எனக்கு வாயெல்லாம் பல். மறைந்த மனுஷியைப் பேசக்கூடாதுதான். ஆனால் பதினான்கு வருஷம் நான் போட்ட ஒவ்வொரு தையலையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குறை சொன்னவர் என் மாமியார். அவருக்கே இடமும் வலமும் தெரியவில்லை என்றால் சும்மா விடுவேனா?

"பாருங்க மச்சி, உங்க உம்மா லட்சணத்த! ரெண்டு எடக்கால் செருப்ப வச்சிக்கிட்டு எந்த மாப்பிள்ளை நடப்பான்?" என்று கணவரின் அக்கா ருக்கையாவிடம் காட்டிச் சிரித்தேன். ருக்கையா மச்சி கல்யாணம் ஆகாமல் எங்களோடேயே இருப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிசயம்.

அவர் சட்டத்தைத் தொட்டார். "பிரிச்சிடாத நூரு. முடிக்கிறதா இருந்தா அதே பக்கமா முடி."

"அலாமாக்! தப்பத் தப்பாவே முடிக்கவா?"

"தப்பில்ல."

பெற்ற உம்மாவை விட்டுக்கொடுக்க மனசில்லை போலும் என்று நானாக நினைத்துக்கொண்டு, அந்தப் பாதிக் கிளியை மணி மணியாகப் பிரித்துப்போட்டேன்.

புதுக் கிளிக்கு இரண்டு மாதம் பிடித்தது. இடப்பக்கம் திரும்பி, பழைய கிளியை முகத்துக்கு முகம் பார்த்தது. அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மச்சியின் மடியில் கொண்டுபோய் வைத்தேன்.

"எப்படி என் வேலை?"

மச்சி புதுக் கிளியை விரலால் தடவினார். பிறகு அழுதார், சத்தமே இல்லாமல், மூக்கு ஒழுக.

"அவருக்கு வலக்கால் கிடையாது நூரு."

"யாருக்கு மச்சி?"

"ஷேக் அலாவுதீன். எனக்குப் பேசி வச்ச மாப்பிள்ளை. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. துறைமுகத்துல சங்கிலி அறுந்து சரக்கு விழுந்து, முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அப்ப நான் எடக்கால் முகப்ப முடிச்சிருந்தேன். இனி வலது எதுக்கு? ஒண்ணு தேஞ்சா மாத்திக்க இன்னொரு எடது இருக்கட்டும்னு ஆரம்பிச்சேன். உம்மா பாத்துட்டாங்க. கால் இல்லாதவனுக்கு எம்பொண்ணான்னு தம்பிய விட்டுச் சொல்லி அனுப்பிட்டாங்க. சட்டத்தையும் பிடுங்கி வச்சிட்டாங்க."

என் வாயில் மண்ணைப் போட! இரண்டு மாதமாக, அவர் இருக்கும் வீட்டிலேயே சிரித்துச் சிரித்து அதைப் பிரித்து மாற்றியிருக்கிறேன். கேட்டதும் என் கணவர் சொங்கோக்கை மாட்டிக்கொண்டு ஓடிய காரணமும் இப்போது புரிந்தது. அவருக்கு இருக்கிறது கச்சேரி, அது ராத்திரிக்கு.

கத்தரியை எடுத்து என் கிளியை நூல் நூலாக வெட்டினேன். மணிகள் கிண்ணத்தில் விழுந்தன.

"வேணாம் நூரு, அழகா இருக்கு."

"அழக வச்சி நாக்கு வழிக்கவா? ஊசியப் பிடிங்க மச்சி. இத நீங்கதான் முடிக்கணும்." "என்ன மன்னிச்சிருங்க. அவரு... இருக்காரா?"

"ஆயர் ஈத்தாம் பாசார்ல ஜாதிக்காய் விக்கிறாராம். கட்டை ஊனித்தான் நடக்குறாராம். கல்யாணம் பண்ணிக்கலையாம்."

இத்தனையும் வாயைத் திறக்காத இந்த மனுஷி யாரிடம் விசாரித்து வைத்தாரோ! மச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் பிரித்த இடத்தில் முதல் பச்சை மணியைக் கோத்தார். கிளியின் வால் பக்கம் ஒரு வரிசை வந்தது. கை நின்றுவிட்டது.

"நூரு, இத்தன வருஷத்துல கால் அளவு மாறிருக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? டிராம் இருக்கு, வாங்க, போய் அளந்துட்டு வருவோம்."

வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, முகம் கழுவ எழுந்தார்.